வாசகர் கேள்வி பதில்: கூட்டத்துக்குப் போனால் ஊருக்குத் தெரிந்துவிடுமா?

கேள்வி: சிங்கப்பூர் ஈசூனில் இருக்கிறேன், லாரி ஓட்டுநர். வேலை முடிந்து வந்தால் பீர் இல்லாமல் முடியவில்லை. இரவு பத்தரைக்கு மேல் கடையில் விற்க மாட்டார்கள் என்று பத்து மணிக்கே கீழே போய் இரண்டு கேன் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்கிறேன். நிறுத்த வேண்டும். அதற்கென்று கூட்டம் நடக்கிறதாமே, எங்கே போவது? ஆங்கிலம் சுமார்தான். நம் ஆள் யாராவது பார்த்துவிட்டால், முதலாளி காதுக்குப் போனால் என்ன ஆகும்? (பெயர் வேண்டாம்)

பதில்: கடைசியாகக் கேட்டதற்கு முதலில் வருகிறேன், நம் ஆட்கள் இந்தப் பக்கமே எட்டிப் பார்க்காததற்கு முக்கால்வாசிக் காரணம் அந்தப் பயம்தான். நீங்கள் கேள்விப்பட்டது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸாக இருக்கும், சுருக்கமாக ஏஏ. 1935இல் அமெரிக்காவில், குடியோடு மல்லுக்கட்டிய இரண்டு பேர் ஆரம்பித்தது. முழுப்பெயர் கேட்க மாட்டார்கள், ஐசி (அடையாள அட்டை) கேட்க மாட்டார்கள், கட்டணம் கிடையாது. குடியை நிறுத்த வேண்டும் என்ற எண்ணம் ஒன்றுதான் தகுதி. 'மூடிய கூட்டம்' என்று போட்டிருந்தால் அந்த எண்ணம் உள்ளவர்கள் மட்டும்தான் இருப்பார்கள். 'திறந்த கூட்டம்' என்றால் குடும்பத்தாரும் மற்றவர்களும் வரலாம். உங்களுக்கு மூடியதே சரி. தெரிந்த முகம் ஒன்று எதிரே உட்கார்ந்திருந்தால்தான் என்ன, அவர் மட்டும் பிரியாணி சாப்பிடவா அங்கே வந்திருப்பார்?

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. போதைப்பொருள் என்றால் மருத்துவர் அதிகாரிகளுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று இங்கே சட்டம் உண்டு, அதைக் கேட்டுவிட்டுக் குடிக்கும் அப்படித்தான் என்று பலர் நினைக்கிறார்கள். மது அந்தக் கணக்கில் வராது.

சிங்கப்பூர் ஏஏ இணையத்தளத்தில் கூட்டங்களின் நாள், நேரம், இடம் எல்லாம் இருக்கும். வீட்டுக்குப் பக்கத்தில் எது என்று பார்க்காதீர்கள், உங்கள் கை கேனைத் தேடும் நேரத்தில் எது நடக்கிறது என்று பாருங்கள். வேலை முடிந்து வீட்டுக்கு வராமல் நேரே போனால் இன்னும் நல்லது. தேவாலயத்து அறையில் நடந்தால் மதம் மாற்றிவிடுவார்களோ என்று பதற வேண்டாம், அது வெறும் இடம். கடவுள் பேச்சு வரும்தான், ஆனால் அவரவர் புரிந்துகொண்ட கடவுள் என்றுதான் சொல்வார்கள், உங்களுக்கு முருகன் என்றால் முருகன்.

உள்ளே என்ன நடக்கும்? நாற்காலிகள். ஒருவர் எதையாவது வாசிப்பார், அப்புறம் ஒவ்வொருவராகத் தங்கள் கதையைச் சொல்வார்கள், நடுவில் யாரும் புகுந்து புத்திமதி சொல்வதில்லை (நம் வீட்டுக் கூட்டங்களில் இது நடக்கிற காரியமா!). உங்கள் முறை வந்தால் "இன்று கேட்க மட்டும் வந்தேன்" என்றால் போதும். உண்டியல் சுற்றி வரும், புதிதாக வந்தவர் போட வேண்டியதில்லை. முடிந்ததும் ஓடிவிடாதீர்கள். அந்தக் காப்பி நேரத்தில்தான் யாராவது தன் நம்பரைக் கொடுத்து, குடிக்கத் தோன்றினால் கூப்பிடு என்பார், என்னைக் கேட்டால் முழுக் கூட்டத்தையும்விட அதுதான் பெரிது. ஒரு குழு பிடிக்கவில்லை என்றால் வேறொன்றைப் பாருங்கள். ஆங்கிலம் அரைகுறையானால் பரவாயில்லை, யாரும் மதிப்பெண் போடப் போவதில்லை. தமிழில்தான் மனசு திறக்கும் என்றால், தமிழ்நாட்டுக் குழுக்கள் தமிழிலேயே கூடுகின்றன, இணையம் வழியாகவும் உண்டு. அங்கே ஏழு மணி என்றால் நமக்கு ஒன்பதரை.

ஒன்று மட்டும் கவனம். காலையில் கை நடுங்குகிறது, வியர்க்கிறது, ஒரு மடக்கு போனால்தான் அடங்குகிறது என்ற நிலை என்றால் ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். முதல் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் மருத்துவர், அப்புறம் கூட்டம். பாலிகிளினிக்கில் (அரசு மருந்தகம்) சொன்னால் மனநலக் கழகத்தில் உள்ள, குடி போன்ற பழக்கங்களிலிருந்து மீட்கச் சிகிச்சை தரும் நாம்ஸ் பிரிவுக்கு அனுப்புவார்கள், அப்படிப் போனால் கட்டணச் சலுகையும் உண்டு. நாம்ஸ் உதவி எண் 6732 6837. நள்ளிரவு வரை குடித்துவிட்டு விடிகாலையில் லாரி எடுத்தால் உடம்பில் மது மிச்சம் இருக்கும் என்பதையும் அங்கே பேசுங்கள்.

கேள்வி: என் கணவர் எந்தக் கூட்டத்துக்கும் வரமாட்டேன் என்கிறார். திங்கட்கிழமை ஆனால் அவர் சூப்பர்வைசருக்குப் போன் போட்டு "வயிற்றுவலி" என்று சொல்வதே என் வேலையாகிவிட்டது. (செங்காங் வாசகி)

பதில்: அவர் வராவிட்டால் நீங்கள் போங்கள் அக்கா. குடிப்பவரின் குடும்பத்துக்கென்றே அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு, இங்கேயும் நடக்கிறது, அதற்கும் காசு கிடையாது. அவரைத் திருத்துவது எப்படி என்று அங்கே சொல்லித்தர மாட்டார்கள், அதற்காகப் போனால் ஏமாற்றம்தான். பேச்சு முழுக்க உங்களைப் பற்றி, உங்கள் தூக்கம், உங்கள் கோபம், பிள்ளைகள். கை நீட்டுகிறார் என்றால் கூட்டத்துக்குக் காத்திருக்காதீர்கள், வன்முறை எதிர்ப்பு உதவி எண் 1800-777-0000, உடனடி ஆபத்தென்றால் 999. திங்கட்கிழமைப் போனை இனி அவரே போடட்டும்.