லீஸில் (வாடகை ஒப்பந்தத்தில்) கையெழுத்துப் போடும் முன் பள்ளியைப் பாருங்கள்

தம்பி, அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்து லோவல் நகரில் வேலை, ஆறு வயது மகள், அரசுப் பள்ளியா தனியார் பள்ளியா, எந்தக் கார் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். காரைப் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள்.

அரசுப் பள்ளியில் தைரியமாகச் சேருங்கள். “கவர்மென்ட் ஸ்கூலா?” என்று முகம் சுளிக்கும் நம்மவர்களுக்கு இந்தப் பள்ளிகள் வந்த கதை தெரியாது. 1820களில் லோவலில் பருத்தி ஆலைகள் எழுந்தன. சிறுபிள்ளைகளும் ஆலைக்குப் போனார்கள். 15 வயது நிரம்பாத பிள்ளையை ஆலையில் வைக்க வேண்டுமானால், ஆண்டுக்கு 3 மாதமாவது அது பள்ளிக்குப் போயிருக்க வேண்டும் என்று 1836இல் மாசசூசெட்ஸ் சட்டம் போட்டது. மறு ஆண்டே மாநிலக் கல்வி வாரியம் வந்தது. அதன் செயலர் ஹொரேஸ் மான், முதலாளி பிள்ளையும் கூலிக்காரர் பிள்ளையும் ஒன்றாகப் படிக்க வேண்டும், செலவை ஊரார் வரியாகத் தர வேண்டும் என்று ஊர் ஊராகப் போய் வாதாடினார். 1852இல் நாட்டிலேயே முதல் கட்டாய வருகைச் சட்டம்: 8 முதல் 14 வயது வரை, ஆண்டுக்கு 12 வாரம். ஒழுங்குக்குப் பழகிய தொழிலாளி வேண்டும், அயர்லாந்திலிருந்து வந்து குடியேறிய ஐரிஷ்காரர்களை அமெரிக்கராக்க வேண்டும் என்ற கணக்கும் அதில் இருந்தது. ஆனாலும் நம்மைப் போல் வந்து இறங்கியவர்களின் பிள்ளைகளைக் கரையேற்றியது அந்தப் பள்ளிதான். கடைசி மாநிலமாக மிசிசிப்பி 1918இல்தான் இந்த வழிக்கு வந்தது.

ஊரார் வரியில் வளர்ந்ததால்தான் இன்றும் முகவரி கேட்கிறார்கள். வாடகை வீடானாலும் உங்களுக்கு முழு உரிமை உண்டு. வீட்டு வரி வாடகைக்குள்ளேயே இருக்கிறது. ஊர் எல்லையில் தெருவைத் தாண்டினால் பள்ளி நிர்வாகமே வேறு. தரகர் சொல்வதை நம்பாமல், வீட்டு எண்ணைச் சொல்லிக் கல்வி அலுவலகத்திலேயே கேளுங்கள். இணையத்தில் பள்ளிகளுக்குப் போடும் ரேட்டிங் எண்ணைப் பார்த்து வாடகையைக் கூட்டிக் கொடுக்காதீர்கள். அது பெரும்பாலும் பெற்றோரின் வருமானத்தைத்தான் காட்டும்.

முக்கியமாக லீஸ், கரண்ட் பில், பிறப்புச் சான்றிதழ், ஊசி அட்டை கேட்பார்கள். டொனேஷன் கிடையாது. பலர் மாட்டிக்கொள்வது ஊசி அட்டையில்தான். நம் இந்திய அரசின் தடுப்பூசி அட்டவணையில் தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்குமான எம்ஆர் மட்டுமே உண்டு. இங்கே பொன்னுக்கு வீங்கியும் சேர்ந்த எம்எம்ஆர் 2, சின்னம்மை ஊசி 2 கேட்பார்கள். கிளம்பும் முன்பே போட்டு, தேதியோடு ஆங்கிலத்தில் எழுதி வாங்குங்கள்.

வீட்டில் பேசும் மொழி எது என்று படிவத்தில் கேட்பார்கள். பிள்ளையை ஒதுக்கிவிடுவார்கள் என்று பயந்து நம்மவர்கள் ‘ஆங்கிலம்’ என்று எழுதுகிறார்கள். தமிழ் என்றே எழுதுங்கள். மொழி தெரியாத பிள்ளைக்கு உதவுவது பள்ளியின் கடமை என்று 1974இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. தேர்வு வைத்து, தேவைப்பட்டால் அதற்கென்றே இருக்கும் ஆசிரியரை வைத்து இலவசமாக ஆங்கிலம் கற்பிப்பார்கள்.