தனி அடுப்பு எப்போது? – மருத்துவ ஆய்வாளர்களின் கேள்விகளுக்குப் பதில்

சொந்தமாக ஆய்வைத் தொடங்க உதவும் நிதிகளைப் பற்றி இந்த மாதம் பதினோரு கடிதங்கள் வந்தன. அதில் நான்கு, "ஃபெல்லோஷிப் லிஸ்ட் அனுப்பவும்" என்ற ஒரே வரி. பிஎச்.டி. முடித்து எத்தனை வருடம், எந்தத் துறை, இப்போது எந்த நாட்டில் வேலை என்று தெரியாமல் நான் எந்த லிஸ்ட்டை அனுப்புவது? போன மாதமும் இதையே கேட்டிருந்தேன். இந்த மூன்றையும் எழுதி மறுபடி அனுப்புங்கள், கட்டாயம் பதில் தருகிறேன். மற்ற ஏழு பேருக்கு இதோ.

சொந்த ஊர் காரைக்குடி. பாஸ்டனில் போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வுப் பணி) சேர்ந்து மூன்றரை வருடம் ஆகிறது. என்.ஐ.எச். (அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம்) தரும் கே99 ஆய்வு நிதிக்கு விண்ணப்பிக்க ஆசை. கிரீன் கார்டு இல்லாதது தடையாகுமா?

ஆகாது. என்.ஐ.எச். தரும் பயிற்சிக்கால நிதிகள் பலவற்றுக்குக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். 2006-ல் தொடங்கிய, கே99, ஆர்00 என்று இரண்டு கட்டமாக வரும் இந்த நிதி அப்படி இல்லை. நம் பிள்ளைகள் இவ்வளவு பேர் இதைத் தேடிப் போவதற்கு அதுவே காரணம். விண்ணப்பம் மட்டும் நீங்கள் வேலை பார்க்கும் அமெரிக்க நிறுவனத்தின் வழியாகப் போக வேண்டும்.

விசாவை விட்டுவிட்டு காலண்டரைப் பாருங்கள், தம்பி. போஸ்ட்டாக் அனுபவம் 4 வருடத்தைத் தாண்டக் கூடாது. புது விண்ணப்பத்துக்கு வழக்கமான கடைசி நாட்கள் பிப்ரவரி 12, ஜூன் 12, அக்டோபர் 12. உங்களுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு வாய்ப்புதான் பாக்கி. இடையில் குழந்தை பிறந்திருந்தால் ஒரு வருடம் வரை நீட்டிப்புக் கேட்கலாம். கேட்காமல் கிடைக்காது. தேதியை என்.ஐ.எச். அறிவிப்பில் பாருங்கள், வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பாதீர்கள்.

இந்த நிதி எப்படி நடக்கிறது என்று உங்கள் வீட்டில் கேட்டால், வேறு வைப்பதைச் சொல்லுங்கள், புரிந்துவிடும். நகரத்தார் வீடுகளில் கல்யாணமான மகனை வேறு வைப்பார்கள் அல்லவா? அதே வீடு, அதே வளவு, ஆனால் அடுப்பு தனி, கணக்கும் தனி. கே99 என்பது அதற்கு முந்தைய காலம். இரண்டு வருடம் வரை வழிகாட்டியின் ஆய்வகத்தில் இருந்தபடியே தனி அடுப்புக்குப் பாத்திரம் சேர்க்கிறீர்கள். ஆர்00 தனி அடுப்பு, மூன்று வருடம் வரை. பெரும்பாலும் வேறு ஊரில். நிறுவனத்தின் மேல்செலவையும் சேர்த்து வருடத்துக்கு ஏறக்குறைய இரண்டரை லட்சம் டாலர்.

முதல் கட்டம் முடிந்ததும் இரண்டாவது தானாக வந்துவிடாது. உதவிப் பேராசிரியர் வேலையோ அதற்கு இணையான ஒன்றோ கையில் இருந்தால்தான் ஆர்00 திறக்கும். அதனால் முதல் வருடத்திலேயே வேலை தேடத் தொடங்குங்கள்.

என் கே99 விண்ணப்பத்துக்கு 37 மதிப்பெண்தான் வந்திருக்கிறது. இனி ஆராய்ச்சியையே விட்டுவிடலாமா?

அறிவிப்பை ஒரு தடவை முழுதாகப் படித்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. என்.ஐ.எச். மதிப்பெண் 10-ல் தொடங்கி 90-ல் முடியும். 10தான் மிகச் சிறந்தது. நூற்றுக்கு 37 என்று எண்ணிக்கொண்டு இரண்டு வாரமாகத் தூக்கம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், பாவமாக இருக்கிறது. 37 நிதி கிடைக்கும் உறுதி இல்லை, ஆனால் நம்பிக்கையோடு மறுபடி போடக்கூடிய மதிப்பெண். விண்ணப்பதாரர், பயிற்சித் திட்டம், ஆய்வுத் திட்டம், வழிகாட்டி, நிறுவனம் என்று ஐந்து தலைப்பில் மதிப்பீட்டாளர்கள் குறிப்பு எழுதியிருப்பார்கள். எந்தத் தலைப்பில் இடித்திருக்கிறது என்று பார்த்து, அதைச் சரிசெய்து அனுப்புங்கள். மறுவிண்ணப்பம் என்ற பெயரில் ஒரே தடவைதான் போடலாம், அவசரப்பட்டு வீணாக்காதீர்கள்.

தேவகோட்டையிலிருந்து எழுதுகிறேன். எம்.டி. முடித்தவள், பிஎச்.டி. இல்லை. நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே ஆராய்ச்சியும் செய்ய விரும்புகிறேன். எனக்கு ஏதாவது வழி உண்டா அம்மா?

உண்டு. இந்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் லண்டனின் வெல்கம் டிரஸ்டும் சேர்ந்து 2008-ல் தொடங்கிய இந்தியா அலையன்ஸ் என்ற ஆய்வு நிதி அமைப்பில் மருத்துவம், பொதுச் சுகாதாரம் என்று தனிப் பிரிவு இருக்கிறது. அதற்கு பிஎச்.டி. கட்டாயம் இல்லை. அலுவலகம் ஹைதராபாத்தில். இளநிலை, இடைநிலை என்ற இரண்டு படியும் ஐந்து ஐந்து வருடம். முந்தைய சுற்றுகளில் இளநிலைக்கு ஒன்றே முக்கால் கோடி, இடைநிலைக்கு மூன்றரைக் கோடி ரூபாய் அளவில் கொடுத்தார்கள். 2025 அக்டோபரில் மத்திய அமைச்சரவை அடுத்த கட்டத்துக்கு 1,500 கோடிக்கு ஒப்புதல் தந்தது. அதில் 1,000 கோடி அரசுடையது, 500 கோடி வெல்கமுடையது.

ஒரு எச்சரிக்கை. காலை ஓ.பி., மாலை கிளினிக், மீதி நேரத்தில் ஆராய்ச்சி என்று திட்டம் எழுதாதீர்கள். ஆராய்ச்சிக்கென்று வாரத்தில் எத்தனை நாள் ஒதுக்கப்படும் என்பதை உங்கள் மருத்துவமனையிடம் எழுத்தில் வாங்குங்கள். கே99-ல் முக்கால் பங்கு நேரம் ஆராய்ச்சிக்கே என்று விதியே வைத்திருக்கிறார்கள். அந்தப் பாதுகாப்பு இல்லாத மருத்துவர்களின் ஆய்வுகள் பாதியில் நின்றதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இளம் ஆய்வாளர்களுக்கு மத்திய அரசு தரும் இன்ஸ்பையர் ஃபேகல்டி ஃபெல்லோஷிப் கிடைத்து எட்டு மாதம் ஆகிறது. என்னை ஏற்க ஒத்துக்கொண்ட நிறுவனம் இன்னும் ஆய்வக இடம் தரவில்லை. பிஎச்.டி. மாணவர் எடுக்கவும் அனுமதி இல்லை. "நீங்கள் ரெகுலர் ஃபேகல்டி இல்லையே" என்கிறார்கள். யாரிடம் போய்ச் சொல்வது?

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எழுதியவர் பெயர் மட்டும் வேறு, இது என் கதை.

நான் வெளிநாட்டிலிருந்து திரும்பிய வருடம், ஒரு பெரிய நிறுவனம் எனக்கு ஒப்புதல் கடிதம் கொடுத்தது. நாலே வரி. "தேவையான அனைத்து வசதிகளும் வழங்கப்படும்" என்பது மூன்றாவது வரி. வந்து பார்த்தால் பழைய ஃபைல்கள் அடுக்கிய ஓர் அறை. த்ரீ ஃபேஸ் கரண்ட் வர பதினான்கு மாதம் ஆனது. அதுவரை, நான் உறைய வைத்துக் கொண்டுவந்த நோயாளி மாதிரிகள் அடுத்த ஆய்வகத்தின் ஃப்ரீஸரில் ஒரு மூலையில் இருந்தன. ஒரு மே மாத ராத்திரி கரண்ட் போனது, ஜெனரேட்டர் எடுக்கவில்லை. காலையில் போனபோது எல்லாம் உருகியிருந்தது. நான்கு வருட உழைப்பு. கொடுத்த நோயாளிகளில் சிலர் அப்போது உயிரோடு இல்லை, மறுபடி கேட்கவும் முடியாது. அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

அதனால்தான் ஒவ்வொரு மாதமும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், எழுத்தில் வாங்குங்கள். எத்தனை சதுர அடி, எந்தக் கட்டடம், எந்த மாதத்துக்குள்? மைனஸ் 80 ஃப்ரீஸருக்கு ஜெனரேட்டர் இணைப்பு உண்டா? உங்கள் பெயரில் மாணவர் பதிவு செய்யலாமா? கொள்முதல் இண்டென்ட்டில் நீங்களே கையெழுத்துப் போடலாமா, துறைத் தலைவர் வீட்டுக்கு ஃபைலைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டுமா? ஐந்து வருடம் முடிந்த மறுநாள் உங்கள் நிலை என்ன? இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாத கடிதத்தை நம்பி ஊர் மாறி வராதீர்கள்.

இன்ஸ்பையரில் மாதம் 1.25 லட்சம் ரூபாய், ஆய்வுக்கு வருடம் 7 லட்சம், ஐந்து வருடம். இது உங்கள் திறமையைப் பார்த்து அரசு கொடுத்த பணம். நிறுவனம் தன் பணத்திலிருந்து உங்களுக்குச் சம்பளம் தரவில்லை. அப்படி இருக்கும்போது விருந்தாளியைப் போல நிற்க வைப்பது அநியாயம். அமெரிக்காவில் ஆர்00 தொடங்கும் முன், அழைக்கும் பல்கலைக்கழகம் என்ன இடம், என்ன தொடக்க நிதி தருகிறது என்று என்.ஐ.எச். பார்க்கிறது. "இவருக்குத்தான் நிதி வருகிறதே" என்று சொல்லி வழக்கமாகத் தருவதைக் குறைக்க விடுவதில்லை. இங்கேயும் நிதி தருபவர்கள் பணம் அனுப்பும் முன்னால் ஓர் ஆளை அனுப்பி அந்த அறையைப் பார்க்கச் சொன்னால் போதும், பாதிப் பிரச்சினை தீரும். தனி அடுப்பு என்று சொல்லிவிட்டு விறகைப் பூட்டி வைத்தால் எப்படிச் சமைப்பது?

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. இதுவரை கேட்டதையும் அவர்கள் சொன்ன பதிலையும் தேதிவாரியாக ஒரே பக்கத்தில் எழுதுங்கள். இயக்குநருக்கு மரியாதையாக ஒரு கடிதம், முப்பது நாள் அவகாசம். பதில் வராவிட்டால் அந்தப் பக்கத்தை இணைத்து அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பையர் பிரிவுக்கு எழுதி, நிறுவனம் மாற அனுமதி கேளுங்கள். அதற்கு முன்பே உங்களை ஏற்கும் இன்னொரு நிறுவனத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கோபத்தில் ராஜினாமா மட்டும் வேண்டாம்.

என் பேராசிரியரின் புராஜெக்ட்டில் ஆறு வருடமாக நான்தான் எல்லா வேலையும் செய்கிறேன். அதையே என் விண்ணப்பமாக எழுதலாமா?

எழுதினால் நிராகரிப்பார்கள். அந்தக் காலத்தில் நம்மவர் நடத்திய பர்மாக் கடையில், உதவியாளான அடுத்தாளுக்குக் கணக்கு முழுதும் தெரியும், ஆனால் கடையின் விலாசம், அதாவது பெயர், முதலாளியுடையது. உங்கள் நிலை அதுதான். அந்த ஆறு வருடத்தில் பேராசிரியருக்குத் தோன்றாமல் உங்களுக்கு மட்டும் தோன்றிய கேள்வி ஒன்று இருக்கும், அதை எடுங்கள். அப்புறம் பேராசிரியரிடமே பேசி, "இந்தப் பகுதியை இவர் எடுத்துப் போகிறார், நான் இதில் போட்டியிட மாட்டேன்" என்று அவர் கடிதத்தில் எழுதச் சொல்லுங்கள். வாய்ச்சொல் போதாது.

காரைக்குடியில் மின்வேதியியலில் வேலை செய்கிறேன். ரத்தத்தில் ஒரு மூலக்கூறை அளக்கும் சென்சார் செய்திருக்கிறேன். மருத்துவ ஆய்வு நிதி எனக்கெல்லாம் தருவார்களா?

'எனக்கெல்லாம்' என்று ஏன் எழுதுகிறீர்கள்? அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953-ல் மின்வேதியியலுக்கென்றே ஒரு தேசிய ஆய்வு மையம் திறந்த ஊர் இது. தயங்க வேண்டியதில்லை. விண்ணப்பத்தை மட்டும் திருப்பி எழுத வேண்டும். நீங்கள் அனுப்பிய வரைவில் மூன்று பக்கம் மின்முனையைப் பற்றியே இருக்கிறது, நோயாளி கடைசிப் பத்தியில்தான் வருகிறார். எந்த நோயில், எந்த முடிவை எடுக்க, எந்த மருத்துவர் இந்த எண்ணைக் காத்திருந்து கேட்பார் என்று முதல் பத்தியில் சொல்லுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவர் ஒருவரை இப்போதே கூட்டாளியாகச் சேருங்கள், சிவகங்கையிலேயே கல்லூரி இருக்கிறது. மனித ரத்தம் என்றால் நெறிமுறைக் குழு அனுமதி வேண்டும். வெளிநாட்டுக் கூட்டாளியோ வெளிநாட்டுப் பணமோ இருந்தால் சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழு ஒப்புதலும் வேண்டும், அதற்கு மாதக்கணக்கு ஆகும். வெல்கமின் லண்டன் நிதிக்கு நேராகப் போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அவர்களின் இளநிலை விருதில் இந்திய நிறுவனங்களுக்கு இடம் இல்லை, இங்கே அதற்குத்தான் இந்தியா அலையன்ஸ்.

 

பள்ளத்தூரிலிருந்து ஒரு தகப்பனார் எழுதுகிறேன். என் மகனுக்கு 34 வயது. ஜெர்மனியில் நான்கு வருடமாகப் புற்றுநோய் ஆராய்ச்சி செய்கிறான். திரும்பி வர ஆசைப்படுகிறான். பெண் வீட்டார் நிரந்தர வேலையா என்று கேட்கிறார்கள், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஐயா, உங்கள் கவலை நியாயமானது. பெண் வீட்டாரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். ஐந்து வருடத்துக்குச் சம்பளமும் ஆய்வுப் பணமும் உறுதியாகக் கிடைக்கக்கூடிய வேலை, அதற்குப் பிறகு நிரந்தரமாக வாய்ப்பு உண்டு, உத்தரவாதம் இல்லை. மறைத்துச் சொன்னால் பின்னால் மகனுக்குத்தான் கஷ்டம்.

இன்ஸ்பையரில் பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 32, அது தாண்டிவிட்டது. அவருக்குப் பொருத்தமானது ராமலிங்கசுவாமி ஃபெல்லோஷிப். வெளிநாட்டில் வேலை செய்யும் நம் ஆய்வாளர்கள் திரும்பி வருவதற்கென்றே உயிரித் தொழில்நுட்பத் துறை நடத்துவது. ஐந்து வருடம், மாதம் 1.35 லட்சம் அளவில் சம்பளம், ஆய்வுப் பணம் தனி. காங்க்ரா பள்ளத்தாக்கில் அயோடின் கலந்த உப்பைக் கொடுத்து, முன்கழுத்துக் கழலை குறைவதை மக்களிடையே செய்து காட்டிய மருத்துவர் ராமலிங்கசுவாமியின் பெயரில் வைத்தது. இதோடு ராமானுஜன் ஃபெல்லோஷிப்பையும் இந்தியா அலையன்ஸ் இடைநிலையையும் அவர் பார்க்கட்டும். தேதிகளை அந்தந்தத் துறையின் அறிவிப்பிலேயே பார்க்கச் சொல்லுங்கள். ஒப்புதல் தரும் நிறுவனத்திடம் என்னென்ன எழுத்தில் வாங்க வேண்டும் என்று மேலே எழுதியிருக்கிறேன், அதையும் படிக்கச் சொல்லுங்கள்.

அடுத்த கடிதத்தை மகனே எழுதட்டும். எந்தப் புற்றுநோய், என்ன கேள்வி, அவர் பெயர் முதலாவதாக உள்ள கட்டுரைகள் எத்தனை என்பது எனக்குத் தெரிய வேண்டும். நான் உட்கார்ந்து படித்துப் பதில் எழுதுகிறேன்.