மரத்துப்போன விரலைத் தேய்க்காதீர்கள், தம்பி

நேற்று மைனஸ் 25-ல் பஸ்ஸுக்கு நின்று வந்ததில் விரல் நுனிகள் வெளுத்து மரத்துவிட்டன, அறை நண்பர் சுடுதண்ணீரில் வை, நன்றாகத் தேய் என்கிறார், செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் செய்யாதீர்கள்.

கனடாவின் எட்மன்டனில் என் முதல் ஜனவரியில் நான் அதைத்தான் செய்தேன். ஒரு கையுறையைத் தொலைத்துவிட்டு, வெறுங்கையில் போனைப் பிடித்தபடி இருபது நிமிடம் நின்றேன். முதலில் ஊசி குத்துவது போல வலி, அப்புறம் வலியே இல்லை, குளிர் பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். வீட்டில் பார்த்தால் மோதிர விரல் நுனி மெழுகு மாதிரி வெளுத்து, அழுத்தினால் குழியாமல் கட்டையாக இருந்தது. குழாயைத் திறந்து சுடுநீரில் நீட்டினேன். உணர்ச்சி இல்லாத விரலுக்குச் சூடு எங்கே தெரியும்? உறைந்த தோல் வெந்தும் போய் மறுநாள் பெரிய கொப்புளம். இன்றும் குளிர் தொடங்கினால் அந்த நுனிதான் முதலில் சுரீரென்கிறது.

வலி நின்றால் ஆபத்து தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் சூட்டைத் தக்கவைக்க, உடம்பு விரல், மூக்கு, காதுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும், பிறகு திசுவில் இருக்கும் நீரே பனிக்கட்டியாகிறது. அதைத் தேய்த்தால் உள்ளே இன்னும் கிழியும். பனியை வைத்துத் தேய்க்கச் சொல்லும் பெரியவர்களும் இங்கே உண்டு, 1812-ல் நெப்போலியன் படையோடு ரஷ்யா போன மருத்துவர் லாரே சொன்ன வழி அது, இன்றைய மருத்துவம் அதைக் கைவிட்டுவிட்டது.

செய்ய வேண்டியது இதுதான். மோதிரத்தையும் ஈரக் கையுறையையும் கழற்றிவிட்டு, 37 முதல் 39 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில், தோல் மெத்தென்று ஆகி நிறம் திரும்பும் வரை, 15 முதல் 30 நிமிடம் வையுங்கள். தெர்மாமீட்டர் இல்லையென்றால் குளிரில் போகாத ஒருவர் முழங்கையை விட்டுப் பார்க்கட்டும். ஆறினால் வெந்நீர் சேருங்கள், ஆனால் கையை வெளியே எடுத்துவிட்டு. ரத்தம் திரும்பும்போது உயிர் போகிற மாதிரி வலிக்கும், பயப்படாதீர்கள். ஹீட்டர், அடுப்பு, ஹேர் டிரையர் எதுவும் வேண்டாம். உடனே மறுபடி குளிரில் போக வேண்டியிருந்தால் சூடுபடுத்தவே வேண்டாம், இளகிய விரல் திரும்ப உறைந்தால் சேதம் பல மடங்கு.

நம் தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. சாம்பல் பூத்தது போலவோ வெளிறியோ இருக்கிறதா, கெட்டியாக இருக்கிறதா என்று அடுத்த விரலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உணர்ச்சி முழுக்கத் திரும்பி நிறமும் சரியாகிவிட்டால் பெரும்பாலும் மேலோட்டமானதுதான். இன்னும் மரத்திருந்தாலோ கொப்புளமோ கருமையோ வந்தாலோ எமர்ஜென்சிக்குப் போய்விடுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து முதல் 24 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பயன், அதனால் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். கூட வந்தவர் பேச்சுக் குழறி, தள்ளாடி, நடுக்கமும் நின்றுவிட்டால் உடம்பு வெப்பம் ஆபத்தாக இறங்கிவிட்டது, அவசர எண் 911 தான்.

இனி ஐந்து விரல் கையுறைக்குப் பதில், கட்டை விரல் தவிர மற்ற விரல்கள் ஒரே உறைக்குள் இருக்கும் மிட்டன் வாங்குங்கள். செருப்புக் கடையில் ஷூ எடுக்கும்போது இரண்டு சாக்ஸ் போட்டும் விரல் அசைகிறதா என்று பாருங்கள், இறுக்கினால் ரத்தம் போகாது. விண்ட்சில், அதாவது காற்றையும் சேர்த்து உடம்பு உணரும் குளிர், மைனஸ் 28-ஐத் தாண்டினால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையலாம்.

இப்போது நுனி எப்படி இருக்கிறது? சந்தேகமாக இருந்தால் மருத்துவ ஆலோசனை எண் 811-க்கு அடியுங்கள், இரவானாலும் நர்ஸ் எடுப்பார், காசு கிடையாது.