நியாயம் கேட்டு நாக் அவுட்டுக்கு வரலாமா?

கேள்வி: ஐரோப்பியக் கால்பந்து அணிகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கின் 2009 அரையிறுதியில் இங்கிலாந்தின் செல்சீ, ஸ்பெயினின் பார்சலோனாவிடம் தோற்கவே இல்லை. பார்சலோனா ஊரில் 0-0, செல்சீ ஊரில் 1-1. மொத்த கோல் சமமானால் வெளியூரில் போட்ட கோலுக்கு மதிப்பு அதிகம் என்று சொல்லி செல்சீயை வெளியே அனுப்பிவிட்டார்கள். அந்த விதியை 2021இல்தான் நீக்கினார்கள். இப்போது 36 அணிகளோடு புதிய முறையும் வந்துவிட்டது. சாம்பியன்ஸ் லீக் இனியாவது நியாயமான போட்டியாக இருக்குமா?
(ஒரு வாசகர், திருச்சி)

பதில்: நியாயமா? அதைத் தேடி, தோற்றவர் வெளியேறும் நாக் அவுட் பக்கம் ஏன் வருகிறீர்கள்? எது சிறந்த அணி என்று தெரிய வேண்டுமானால் இங்கிலாந்து லீக் இருக்கிறது. மழையிலும் குளிரிலும் 38 ஆட்டம் ஆடி நியாயத்தை வாங்கிக்கொள்ளலாம். சாம்பியன்ஸ் லீக்கைப் பார்க்க ராத்திரி இரண்டரை மணி வரை கண் விழிக்கிறவர்களில் பாதிப் பேர், சிறந்த அணி இன்றைக்காவது தோற்காதா என்ற நப்பாசையில்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

2009 கதை தெரியும். பெனால்டி கேட்டுக் கேட்டு செல்சீ ஆட்டக்காரர்களுக்குத் தொண்டை கட்டியது, 93ஆவது நிமிடத்தில் பார்சலோனாவின் இனியெஸ்டா கோல் அடித்தார். சரி. 2012 இறுதியாட்டத்தையும் பேசுவோமா? மியூனிக், செல்சீயோடு மோதிய பேயர்னின் சொந்த மைதானம். பேயர்னுக்கு 20 கார்னர் கிடைத்தது, செல்சீக்கு ஒன்றே ஒன்று. அந்த ஒன்றில், 88ஆவது நிமிடத்தில், செல்சீயின் துரோக்பா தலையால் முட்டி ஆட்டத்தைச் சமன் செய்தார். அப்புறம் பெனால்டி, அப்புறம் செல்சீக்குக் கோப்பை. அந்த வாரம் நியாயம் கேட்டுத் திருச்சியிலிருந்து கடிதம் ஏதும் வந்ததாக எனக்கு நினைவில்லை.

அநியாயம் என்றால் 1965 ஐரோப்பியக் கோப்பை (சாம்பியன்ஸ் லீக்கின் பழைய பெயர்) காலிறுதியைச் சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். லிவர்பூலும் ஜெர்மனியின் கோல்ன் அணியும் மோதின. இரண்டு ஊரிலும் 0-0. பொதுவான இடமாக ராட்டர்டாமில் மூன்றாவது ஆட்டம் வைத்தார்கள். லிவர்பூல் இரண்டு கோல் போட்டது, கோல்னும் இரண்டைத் திருப்பிக் கொடுத்தது. மாற்று ஆட்டக்காரரை இறக்க வழியில்லாத காலம். கோல்னின் வெபர் காலெலும்பு முறிந்த நிலையிலும் களத்தில் நின்றார். கூடுதல் நேரத்தையும் சேர்த்தால் மொத்தம் 300 நிமிடம், முடிவு மட்டும் இல்லை. கடைசியில் நடுவர், ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் வெள்ளையுமாக இருந்த வட்டு ஒன்றை மேலே சுண்டினார். அது சேற்றில் விழுந்து செங்குத்தாக நின்றுவிட்டது!

எனக்கு அந்த வட்டின் மேல் பெரிய மரியாதை. 300 நிமிடம் பார்த்த நடுவருக்கே தெரியாததை என்னிடம் கேட்கிறாயே என்று அது நினைத்திருக்க வேண்டும். மறுபடி சுண்டினார்கள், லிவர்பூல் ஜெயித்தது. நல்லவேளை, நம் ஊர் பத்து ரூபாய் நாணயத்தை வைத்து ஆட்டத்தை முடிக்கவில்லை. தோற்றவர்கள் "இந்தக் காசு செல்லாது சார்" என்று கிளம்பியிருப்பார்கள். பத்து ரூபாய் நாணயத்தின் 14 வடிவங்களும் செல்லும் என்று 2018இல் ரிசர்வ் வங்கியே அறிவித்தது. என் தெரு மளிகைக் கடைக்காரர் ரிசர்வ் வங்கியை இன்னும் அங்கீகரிக்கவில்லை. இதை எழுதும்போதெல்லாம் "மறுபடியும் நாணயமா?" என்று தலையில் அடித்துக்கொள்வார் எங்கள் உதவி ஆசிரியர். அவர் கிரிக்கெட் பைத்தியம். 2019 உலகக் கோப்பையையே பவுண்டரி எண்ணிக் கொடுத்த ஆட்டத்தின் ரசிகர், வட்டு சுண்டியதைப் பார்த்துச் சிரிக்கிறார்.

எங்கே விட்டேன்? வெளியூர் கோல். 1965-66இல், ஐரோப்பாவின் இன்னொரு போட்டியான கப் வின்னர்ஸ் கோப்பையில்தான் அந்த விதி முதலில் வந்தது. மூன்றாவது ஆட்டம், வட்டு சுண்டல் எல்லாம் குறையும். வெளியூர் போகிற அணி பத்துப் பேரைத் தன் கோல் முன்னால் நிறுத்திவைக்காமல் கொஞ்சம் முன்னேறியும் ஆடும் என்று எதிர்பார்த்தார்கள். நாளடைவில் உள்ளூர் அணி, வந்தவர்களுக்கு ஒரு கோல் விட்டுவிடுவோமோ என்று பயந்து ஆடத் தொடங்கியது. 2003 அரையிறுதியில் விதியின் மானம் மொத்தமாகப் போனது. மோதியவை ஏசி மிலானும் இன்டர் மிலானும். இரண்டுக்கும் ஒரே ஊர், ஒரே மைதானம், சான் சிரோ. முதல் ஆட்டம் 0-0, இரண்டாவது 1-1. இரண்டாவது ஆட்டத்தில் உள்ளூர் அணி என்று பதிவாகியிருந்தது இன்டர். அதனால் ஏசி மிலானின் ஷெவ்சென்கோ, தாம் வருடம் முழுக்க ஆடும் மைதானத்தில் போட்ட கோல் "வெளியூர்" கோல் ஆகிவிட்டது. மாடிக் குடித்தனக்காரர் கீழே இறங்கி வந்து காபி குடித்துவிட்டுப் பயணப்படி கேட்ட மாதிரிதான். அவருக்குப் படியும் கிடைத்தது. ஏசி மிலான் இறுதிக்குப் போய், யுவென்டஸைப் பெனால்டியில் தோற்கடித்துக் கோப்பையையும் தூக்கியது.

நியாயம் வேண்டும் என்று உண்மையில் கூச்சலிட்டவர்கள் யார் என்று பாருங்கள். 1987இல் முதல் சுற்றுச் சீட்டுக் குலுக்கலிலேயே ரியல் மாட்ரிடும் மரடோனாவின் நாபோலியும் எதிரெதிரே விழுந்தன. நாபோலி வெளியே. அப்போது ஏசி மிலானை வைத்திருந்தவர் பெர்லுஸ்கோனி. தொலைக்காட்சி நிறுவனங்களும் அவருடையவைதான். இத்தனை பெரிய பெயர்கள் முதல் சுற்றிலேயே வெளியேறினால் வியாபாரம் என்னாவது என்று பெரிய அணிகளுக்கு லீக் முறை வேண்டும் என்றார். 1991-92இல் குழுச் சுற்று வந்தது. 1997இலிருந்து பெரிய நாடுகளின் உள்நாட்டு லீக்கில் இரண்டாம் இடம் பிடித்தவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள், பிறகு நான்காம் இடம் வரை கதவு திறந்தது. பெரிய அணிகள் கேட்டது இரண்டாவது வாய்ப்பு. அதற்கு நியாயம் என்று பெயர் வைத்ததில்தான் எனக்கு ஆட்சேபம்.

நீங்கள் கேட்ட புதிய முறையின் லட்சணம் இதுதான்: 36 அணிகள் ஆளுக்கு எட்டு ஆட்டம் ஆடுகின்றன. மொத்தம் 144 ஆட்டம். அதன் முடிவில் வீட்டுக்குப் போவது 12 அணிகள் மட்டும். 2024-25இல் இந்தப் பட்டியலில் முதலிடம் லிவர்பூல், 15ஆம் இடம் பாரிஸ் செயின்ட் ஜெர்மன். 16 அணிகள் மிஞ்சிய நாக் அவுட் சுற்றில் இரண்டும் மோதின. லிவர்பூல் பாரிஸில் 1-0 என்று ஜெயித்தது, பாரிஸ் லிவர்பூலில் 1-0 என்று ஜெயித்தது, பெனால்டியில் பாரிஸ் தாண்டியது. பிறகு இறுதியில் இன்டர் மிலானுக்கு ஐந்து கோல் போட்டுக் கோப்பையை வாங்கியது. 144 ஆட்டம் ஆடிப் போட்ட பட்டியலை அதற்கப்புறம் யாரும் திரும்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை. எனக்கு இதில் பரம திருப்தி.