12 லட்சம் வரை வரி இல்லை என்கிறார்களே, எனக்கு எதற்கு ஆடிட்டர்?

கேள்வி: கோத்தகிரி பக்கம் அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியை நான். வயது 46. 2025-26இல் மொத்தச் சம்பளம் 12,25,000 ரூபாய், சேமிப்புக் கணக்கு வட்டி 20,000. பாரம் 16இல் (பள்ளி தரும் சம்பள, வரிப் பிடித்தச் சான்று) வரிப் பிடித்தம் எதுவும் இல்லை. அப்பா காலமான பிறகு மூன்றரை ஏக்கர் தேயிலை என் பெயருக்கு வந்தது. பச்சை இலையை பாக்டரிக்குப் போடுகிறோம். வருடத்துக்கு 3,40,000 வரும். பறிப்புக் கூலி, உரம், மருந்து போக 1,80,000 நிற்கும். வீட்டுக் கடன் வட்டி 1,10,000 கட்டுகிறேன். சி.பி.எஸ். (பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம்), எல்.ஐ.சி., கோவையில் படிக்கும் மகளின் கல்லூரிக் கட்டணம், மருத்துவக் காப்பீடு 18,000 என்று கழிவுகளும் உண்டு. ஸ்டாஃப் ரூமில் எல்லோரும், "12 லட்சம் வரை வரியே கிடையாது, நீங்களே ஆன்லைனில் போட்டுவிடுங்கள்" என்கிறார்கள். குன்னூர் ஆடிட்டர் ஒருவர் 4,000 ரூபாய் கேட்கிறார். பஜாரில் ஒருவர் 800 ரூபாய்க்குப் போட்டு, ரீஃபண்டும் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். மாடியில் இருக்கும் இரண்டு அறைகளை அடுத்த சீசனுக்கு ஹோம்ஸ்டேயாக விடும் யோசனையும் இருக்கிறது. நான் யாரிடம் போகட்டும்?

பதில்: முதலில் பஜார்க்காரரை விட்டுவிடுங்கள் டீச்சர். உங்களிடம் ஒரு ரூபாய்கூட வரி பிடிக்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிடிக்காத வரியை அவர் எங்கிருந்து திரும்ப வாங்கித் தருவார்? உங்கள் பாரம் 16ஐப் பார்க்காமலே எல்லோருக்கும் சொல்வதை உங்களுக்கும் சொல்லியிருக்கிறார். வரி பிடித்தம் உள்ளவர்களிடம் இதே பேச்சு எடுபடும். அரசியல் கட்சிக்கு நன்கொடை, இல்லாத கல்விக் கடன், இல்லாத மருத்துவச் செலவு என்று எதையாவது எழுதி ரீஃபண்டை வரவழைத்து, அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வார்கள். 2025 ஜூலையில் வருமான வரித்துறை இப்படிப்பட்டவர்களைக் குறிவைத்து நாடு முழுக்க 150 இடங்களில் சோதனை நடத்தியது, தமிழ்நாட்டிலும்தான். நோட்டீஸ் வந்தால் அது பான் எண்ணுக்கு உரியவருக்குத்தான் வரும், எழுதிக் கொடுத்தவருக்கு வராது. தவறான தகவல் தந்ததாக முடிவானால் ஏய்த்த வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம் வேறு.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். கழிவுகளைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் வரியை முடிவு செய்வது அவை அல்ல, தேயிலை பற்றி நீங்கள் எழுதியிருப்பதுதான்.

கழிவுகளை ஏன் ஒதுக்குகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். பழையது, புதியது என்று இரண்டு வரி முறைகளில் ஒன்றை நாம் தேர்ந்தெடுக்கலாம். அவையெல்லாம் பழைய வரி முறைக்கு உரியவை. அதில் நிலையான கழிவு 50,000, சி.பி.எஸ்., எல்.ஐ.சி., மகளின் டியூஷன் கட்டணம் எல்லாம் சேர்ந்து 1,50,000 (சி.பி.எஸ்.ஸுக்குத் தனியாக மேலும் 50,000 வரை கழிக்க முடிந்தால் அது வேறு), வீட்டுக் கடன் வட்டி 1,10,000, காப்பீடு 18,000, சேமிப்புக் கணக்கு வட்டிக்கு 10,000, கட்டிய தொழில் வரி. மலையில் வேலை பார்ப்பவர்களுக்கென்று ஒரு சின்னச் சலுகையும் உண்டு. கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேலே உள்ள ஊரில் வாங்கும் மலைப்படியில் மாதம் 300 ரூபாய்க்கு வரி கிடையாது. கோத்தகிரி அந்த உயரத்தைத் தாராளமாகத் தாண்டும். 300 ரூபாய் என்று அந்த விதியை எழுதியவர் இந்தப் பக்கம் ஒரு டிசம்பர் மாதத்தைக் கழித்திருக்க மாட்டார் என்பது என் சந்தேகம். எல்லாவற்றையும் கூட்டினால் ஏறக்குறைய 3,44,000 கழியும். இவ்வளவு கழித்த பிறகும் பழைய முறையில் உங்கள் வரி 1,30,000ஐத் தாண்டுகிறது. சி.பி.எஸ்.ஸுக்கு அந்த 50,000ஐயும் கழித்தால்கூட ஒரு லட்சத்துக்கு மேல்தான். புதிய முறையில் நிலையான கழிவைத் தவிர இந்தக் கழிவுகள் எதுவும் கிடையாது. ஆனால் வரி அதில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றே மேல்தான். எனவே ரசீது தேடி பீரோவைக் கலைக்க வேண்டாம்.

பத்தில் ஒரு பங்கா, பூஜ்யம் இல்லையா என்று கேட்பீர்கள். ஸ்டாஃப் ரூம் கணக்கு கோட்டை விடுவது இங்கேதான்.

புதிய முறையில் உங்கள் சம்பளத்தில் 75,000 கழிந்து 11,50,000 ஆகும். வட்டியையும் சேர்த்தால் 11,70,000. இதற்கு வரி 57,000. மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு 87ஏ பிரிவில் 60,000 வரை தள்ளுபடி உண்டு. 57,000 அதற்குள் அடங்கிவிடுவதால் கட்ட வேண்டியது எதுவும் இல்லை. தோட்டம் இல்லாத உங்கள் சக ஆசிரியைகளுக்கு இது சரி. பள்ளியிலும் இப்படிக் கணக்குப் போட்டுத்தான் பிடித்தம் செய்யாமல் விட்டிருப்பார்கள்.

விவசாய வருமானத்துக்கு மத்திய அரசின் வரி கிடையாது, உண்மைதான். அதற்கு வரி போடும் அதிகாரத்தை அரசியல் சாசனம் மாநிலங்களுக்குக் கொடுத்திருக்கிறது. ஆனால் வரி விகிதத்தைக் கணக்கிட மட்டும் அதை எடுத்துக்கொள்வார்கள். நிகர விவசாய வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டி, மற்ற வருமானமும் அடிப்படை விலக்கான 4 லட்சத்தைத் தாண்டினால் இரண்டையும் கூட்டிக் கணக்குப் போட வேண்டும். உங்களுக்கு 11,70,000உடன் 1,80,000 சேர்ந்து 13,50,000. அதற்கு வரி 82,500. அடுத்து, அடிப்படை விலக்கான 4 லட்சத்தோடு தேயிலையின் 1,80,000ஐக் கூட்டி 5,80,000க்கு வரி பார்த்தால் 9,000. இந்த 9,000ஐ 82,500இல் கழித்தால் 73,500. தேயிலைப் பணம் மொத்த வருமானத்தில் சேராது என்பதால் நீங்கள் இன்னும் 12 லட்சத்துக்குள்தான் இருக்கிறீர்கள், தள்ளுபடியும் கிடைக்கும். ஆனால் தள்ளுபடி 60,000தானே? மீதி 13,500, அதற்கு 4 சதவீதம் செஸ் (வரி மேல் வரும் கூடுதல் வரி). ஆகமொத்தம் 14,040 ரூபாய் கட்ட வேண்டும்.

பிடித்தம் போக வருட வரி 10,000க்கு மேல் இருந்தால் முன்கூட்டியே தவணையாகக் கட்டியிருக்க வேண்டும் என்பது விதி. எனவே மாதம் 1 சதவீத வட்டியும் கொஞ்சம் சேரும். ஜூலை 31 கடைசி நாள் என்று காத்திருக்காமல் இப்போதே கட்டிவிடுவது நல்லது.

இந்த 1,80,000 எப்படி வந்தது என்பதுதான் அடுத்த கேள்வி. பாக்டரி உரத்துக்கும் முன்பணத்துக்கும் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் பேங்கில் போடும். மாதாமாதம் தரும் பட்டியலில் இலையின் கிலோ, விலை, பிடித்தம் மூன்றும் தனித்தனியாக இருக்கும். பேங்கில் விழுந்த தொகையை வரவாக எடுத்துக்கொண்டு, உரச் செலவை இன்னொரு முறை கழித்தால் ஒரே செலவை இரண்டு தடவை கழித்ததாக ஆகிவிடும். இலையின் முழுத் தொகையை வரவில் வையுங்கள், உரத்தைச் செலவில் வையுங்கள். பறிப்புக் கூலிக்குப் பெரும்பாலும் ரசீது இருக்காது. தேதி, பறித்தவர் பெயர், கிலோ, கொடுத்த பணம் என்று ஒரு நோட்டில் அன்றன்றே எழுதி வந்தால் போதும். கவாத்து எடுத்த (செடியை வெட்டிவிட்ட) வருடத்தில் இலை குறையும், கூலி கூடும், நிகர வருமானம் தானாக இறங்கும். அதையும் உள்ளபடியே எழுதுங்கள். பட்டா அண்ணன் தம்பிகளோடு சேர்ந்த கூட்டுப் பட்டா என்றால் உங்கள் பங்கு வருமானம் மட்டும்தான் உங்கள் கணக்கில் வரும். இலையை விற்காமல் நீங்களே டீத்தூளாக்கி விற்றால் கதை வேறு. அப்போது வருமானத்தில் 60 சதவீதம்தான் விவசாயம், மீதி 40 சதவீதம் தொழில் வருமானமாகி வரிக்குள் வந்துவிடும்.

இப்போது ஆடிட்டர். கழிவு கண்டுபிடிப்பதற்காக என்றால் உங்களுக்கு ஆடிட்டர் தேவையில்லை, கண்டுபிடிக்க அங்கே எதுவும் இல்லை. ஆனால் இந்த ஒரு வருடத்துக்கு அந்த 4,000ஐக் கொடுங்கள் என்றுதான் சொல்வேன். ஒரு காரணம் பாரம். விவசாய வருமானம் 5,000ஐத் தாண்டியதால் ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் போடும் ஐ.டி.ஆர்.-1 உங்களுக்கு ஆகாது, ஐ.டி.ஆர்.-2 போட வேண்டும். அதையாவது நிதானமாக உட்கார்ந்தால் நீங்களே போட்டுவிடலாம். பெரிய காரணம், நீங்கள் கடிதத்தில் எழுதாத ஒன்று: தோட்டம் உங்கள் பெயருக்கு வந்த பிறகு போட்ட ரிட்டர்ன்களில் தேயிலையைக் காட்டினீர்களா? காட்டாமல் ஐ.டி.ஆர்.-1 போட்டிருந்தால் அந்த வருடங்களையும் திறந்து பார்க்க வேண்டும். வரி விட்டுப்போயிருந்தால், திருத்திய கணக்கை மதிப்பீட்டு ஆண்டு (வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) முடிந்து நான்கு வருடங்கள் வரை கொடுக்கலாம். முதல் வருடத்துக்குள் கொடுத்தால் வரி, வட்டியோடு கூடுதலாக 25 சதவீதம். இரண்டாவது வருடத்தில் 50, அப்புறம் 60, 70. இந்த வேலையை ரிட்டர்ன் போட்டுப் பழகிய யாரோ ஒருவர் செய்ய முடியாது. சி.ஏ. முடித்த ஆடிட்டர்தான் வேண்டும்.

நம் ஊரில் ரிட்டர்ன் போடும் எல்லோரையும் ஆடிட்டர் என்று கூப்பிட்டுவிடுகிறோம். குன்னூர்க்காரரிடம் அவருடைய சி.ஏ. உறுப்பினர் எண்ணைக் கேளுங்கள். கேட்டால் கோபப்பட ஒன்றுமில்லை. அதோடு, "தேயிலையைச் சேர்த்து எவ்வளவு வரி வரும்?" என்றும் கேளுங்கள். 14,000க்குப் பக்கத்தில் ஒரு தொகையைச் சொன்னால் 4,000 கொடுக்கலாம். "விவசாயத்துக்கு வரி இல்லை, விடுங்கள்" என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

யாரிடம் கொடுத்தாலும் வருமான வரித் தளத்தில் பதிவாகியிருக்கும் மொபைல் எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாக இருக்கட்டும். பலருக்கு அங்கே ரிட்டர்ன் போட்டவருடைய எண் கிடக்கிறது. துறை அனுப்பும் தகவல் எல்லாம் அவருக்குப் போய்ச் சேரும், உங்களுக்கு எட்டாது. ரிட்டர்ன் போட்ட 30 நாளுக்குள் அதை உறுதி செய்யவும் வேண்டும். ஆதார் ஓடிபி மூலம் செய்வதென்றால் அந்த ஓடிபி ஆதாரில் இணைத்திருக்கும் மொபைல் எண்ணுக்குத்தான் வரும்.

போட்ட கணக்கின் நகலையும் வரி கணக்கிட்ட தாளையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடமும் சம்பளம், தேயிலை, வட்டி என்று இதே மூன்றுதான் என்றால் அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்களே போட்டுவிடலாம். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டதால் பிரிவு எண்கள் அப்போது மாறியிருக்கும். இந்த வருடம் நீங்கள் போடுவது 2025-26 வருமானத்துக்கு என்பதால் அதற்குப் பழைய சட்டமே.

ஹோம்ஸ்டே தொடங்கினால் மட்டும் ஆடிட்டரை விடாதீர்கள். அறை வாடகை தொழில் வருமானமாகி, பாரம் மாறிவிடும். 12 லட்சத்துக்கு இன்னும் 30,000தான் மிச்சம் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். இரண்டு அறையில் ஏப்ரல், மே சீசன் நன்றாக ஓடினாலே அந்த 30,000 தாண்டிவிடலாம். தாண்டினால் 60,000 தள்ளுபடி அப்படியே கிடைக்காது. அறைகளைத் தயார் செய்ய ஆகும் செலவு பில்களை இப்போதிருந்தே எடுத்து வையுங்கள். பெயின்ட், கீசர், மெத்தை எல்லாவற்றுக்கும் உங்கள் பெயரிலேயே பில் போடச் சொல்லுங்கள்.