ஒரு மீனுக்கு இவ்வளவு காசா?

கேள்வி: நான் முள்ளியவளையில் இருக்கிறேன். கணவர் கள்ளப்பாட்டுக் கரையில் நாற்பது வருடம் கடற்றொழில் செய்தவர். மகன் 2011 இல் கனடாவுக்குப் போனான். போன புதிதில் ரொறன்ரோவில் ஒரு கிரேக்க உணவகத்தில் இரண்டு வருடம் கோப்பை கழுவினான். இப்போது நல்ல வேலையில் இருக்கிறான். வருகிற ஆனி மாதம் எங்கள் இருவரையும் அங்கே கூப்பிட்டிருக்கிறான். எங்கள் திருமண நாளுக்கு ஒரு பெரிய கிரேக்க உணவகத்தில் இடம் பதிவு செய்யப்போவதாகச் சொல்லி, அதன் விலைப்பட்டியலையும் அனுப்பினான். மீன் ஒரு பவுண்டு 48 டொலர். மருமகளோடு நான்கு பேருக்கு 300 டொலர் ஆகுமாம். ஒரு டொலரை 200 ரூபா என்று வைத்தாலும் 60,000 ரூபா. அந்தக் காசுக்கு எங்கள் கிணற்றுக்கு மோட்டர் பூட்டலாம். "மீன் தின்னக் கனடாவுக்கா போக வேண்டும்? தலையைச் சொதி வைத்துத் தந்தால் எனக்குப் போதும்" என்கிறார் கணவர். அவருக்கு எந்த மீனிலும் தலைதான் விருப்பம். அந்தச் சாப்பாடு உண்மையில் அவ்வளவு பெறுமதியானதா? மகனிடம் வேண்டாம் என்று சொல்லட்டுமா?

— ஒரு தாய், முள்ளியவளை

பதில்:

அன்புள்ள சகோதரி,

போங்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே விலையைப் பற்றி நிறைய எழுதப்போகிறேன். அதை வாசித்துவிட்டு நான் வேண்டாம் என்கிறேனோ என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். மகன் இரண்டு வருடம் கோப்பை கழுவினான் என்ற வரி. அதைத் தாண்டி வாசிக்க எனக்குச் சற்று நேரம் எடுத்தது. நம் பிள்ளைகள் எத்தனை பேர் அந்தக் குசினிகளில் நின்றார்கள்! கொதிநீரில் கை வெந்து, நள்ளிரவு கடைசி பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்து, "சாப்பிட்டேன் அம்மா" என்று தொலைபேசியில் சொன்னார்கள். பின்கதவால் போய்வந்த பிள்ளை இன்று முன்கதவால் அம்மாவையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய், வெள்ளைத் துணி விரித்த மேசையில் இருத்திப் பார்க்க ஆசைப்படுகிறான். இதற்காக அவன் எத்தனை வருடம் காத்திருந்தானோ. இந்த ஆசையை மோட்டரோடு வைத்து நிறுக்காதீர்கள். மோட்டரையும் அவன் வாங்கித் தருவான், கேட்டுப் பாருங்கள்.

இனி விலைக்கு வருகிறேன். அதில் நீங்கள் பயப்படுவது நியாயம்தான். எனக்கே நடந்திருக்கிறது.

2019 இல் ஸ்காபரோவில் என் தங்கையின் மகள் வீட்டில் இரண்டு மாதம் நின்றேன். ஒருநாள் அவள் என்னை இப்படியான ஓர் உணவகத்துக்குக் கூட்டிப்போனாள். வாசலைத் தாண்டியதும் ஐஸ் மலைபோலக் குவித்து, அதன்மேல் முழு மீன்களை வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். "எது வேண்டும் பெரியம்மா?" என்று கேட்டாள். கண்ணுக்குப் பளபளப்பாகத் தெரிந்த ஒன்றைக் கையால் காட்டிவிட்டேன். பரிமாறுகிறவர் தலையை ஆட்டி எடுத்துக்கொண்டு போனார். நிறை என்னவென்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. சாப்பாடு முடிந்து பில் வந்தபோதுதான் அந்த மீன் நான்கு பவுண்டுக்கு மேல் என்று தெரிந்தது. நாங்கள் இருந்தது மூன்று பேர். பிள்ளை ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் பில்லை மடித்துப் பையில் வைத்த அந்த விரல்களின் அவசரத்தை நான் கண்டேன். அன்று சாப்பிட்ட மீனின் சுவை எனக்கு ஞாபகமே இல்லை.

அதனால் முதல் வேலை, மீனைக் காட்டியதும் தராசில் வைக்கச் சொல்லுங்கள். நிறையைக் கேட்டு, பெருக்கிப் பார்த்து, பிறகு சரி என்று சொல்லுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. உங்கள் கணவர் கரையில் மீனை ஏலம் கூறும்போது எத்தனை முறை தட்டிக்கேட்டு நின்றிருப்பார்! அங்கே நிறுப்பது பச்சை மீனை. தலை, முள், குடல் எல்லாம் சேர்ந்த நிறை. சமைத்த பின் தட்டில் வருகிற சதை ஏறக்குறைய பாதிதான் என்பது வீட்டில் மீன் வெட்டுகிற உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆளுக்கு ஒரு பவுண்டு என்பது அந்த உணவகங்களின் கணக்கு. ஒரு பவுண்டு என்பது 450 கிராமை விடச் சற்றே கூட. மற்றத் தட்டுகளும் வருவதால் நான்கு பேருக்கு மூன்று பவுண்டு மீன் தாராளம்.

இன்னொன்று. மகன் சொன்ன 300 டொலர் அவ்வளவோடு நிற்காது. ஒன்ராறியோவில் விற்பனை வரி நூற்றுக்கு 13. அது 39 டொலர். பரிமாறுகிறவருக்கு டிப்ஸ் கொடுப்பது அங்கே வழக்கம். நூற்றுக்கு 18 என்று வைத்தால் 54. மொத்தம் 393 டொலர். நீங்கள் போட்ட கணக்கிலேயே 78,000 ரூபாவைத் தாண்டும். உங்கள் மகனுக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும். கேட்டால் நீங்கள் மறுப்பீர்கள் என்றுதான் 300 என்றிருப்பான். பில் வரும்போது நீங்கள் திடுக்கிடக் கூடாது என்பதற்காக இங்கேயே எழுதிவைக்கிறேன். ரூபாக் கணக்கை வீட்டிலேயே முடித்துவிட்டுப் போங்கள். மேசையில் இருந்து பெருக்காதீர்கள். மகன் உங்கள் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான்.

இவ்வளவு காசு எதற்கு என்றால், கிரேக்க உணவு எப்போதும் விலை கூடியது என்று எண்ணவேண்டாம். கம்பியில் குத்திச் சுட்ட இறைச்சியும் ரொட்டியும் விற்கும் சாதாரண கடைகள்தான் வட அமெரிக்காவில் அதிகம். 1979 இல் கோஸ்டாஸ் ஸ்பிலியாடிஸ் என்பவர் மொன்றியலில் மிலோஸ் என்ற உணவகத்தைத் திறந்து, முழு மீனை ஐஸில் பரப்பி, வருகிறவரே தெரிவுசெய்ய, நிறைக்கு விலை என்று நடத்தினார். பிறகு பலர் அந்த வழியில் போனார்கள். நல்ல இடங்களில் மத்தியதரைக் கடல் மீன் விமானத்தில் வருகிறது. அந்தச் செலவும், கடை வாடகையும், மீனை முள் நீக்கித் தருகிறவரின் சம்பளமும் அந்த 48 டொலருக்குள் இருக்கின்றன. ஆனால் அவதானம்: 'லவ்ராக்கி', 'சிப்பூரா' என்ற இரண்டு மீன்களும் கிரேக்கக் கரையோரங்களில் கூடு கட்டிப் பெருந்தொகையாக வளர்க்கப்படுகின்றன. முதலாவது நம் கொடுவாவின் சாயல்; இரண்டாவது விளைமீனைப் போல இருக்கும். வளர்ப்பு மீன் கெட்டது என்று சொல்லவில்லை. அதற்கும் கடலில் பிடித்த மீனின் விலையைக் கேட்டால் மட்டும் காரணம் கேளுங்கள். உங்கள் கணவர் கண்ணையும் செவுளையும் பார்த்தால் எத்தனை நாள் மீன் என்று சொல்லிவிடுவார். தெரிவை அவரிடம் விடுங்கள். அந்த உணவகத்தில் அன்று மீன் பார்க்கத் தெரிந்தவர்களில் அவரும் ஒருவராக இருப்பார்.

அவர்கள் மீனுக்குத் தூள் போடுவதில்லை. உப்பு, கரி நெருப்பு, பிறகு ஒலிவ் எண்ணெயையும் எலுமிச்சைச் சாற்றையும் அடித்துக் கலந்து மேலே ஊற்றுவார்கள். அவ்வளவுதான். முதல் வாய் சப்பென்று இருக்கலாம். இரண்டாவது வாயில் மீன் தெரியும். தூள் இல்லாத மீனில் பழுது ஒளிந்துகொள்ள இடமில்லை. அதனால்தான் அப்படிச் சமைக்க அவர்களுக்குத் துணிவு வேண்டும். கைப்பையில் மிளகாய்த்தூள் கொண்டுபோக வேண்டாம்.

ஒக்டோபஸ் ஒரு தட்டுச் சொல்லுங்கள். கிரேக்கத் தீவுகளில் அதைப் பிடித்தவுடன் பாறையில் அடித்து மென்மையாக்கி, கயிற்றில் வெயிலுக்குத் தொங்கவிடுவார்கள். நம் வாடிகளில் கருவாடு காய்வதை ஒத்த காட்சி. பிறகு நெருப்பில் சுடுவார்கள். வெளியே கருகல், உள்ளே பஞ்சு. வீட்டில் இதைச் செய்துபார்த்துத் தோற்றிருக்கிறேன். காசு கொடுத்துச் சாப்பிடத் தகுந்தது.

விலைப்பட்டியலில் 'ஹோர்த்தா' என்று ஒன்று இருக்கும். பார்க்க ஒன்றுமில்லை: அவித்த கீரை, எண்ணெய், எலுமிச்சை. விலையைப் பார்த்து "இலைக்கா இவ்வளவு?" என்று கேட்பீர்கள். அது மலைச்சரிவிலும் வயலோரத்திலும் தானாக முளைக்கும் கீரை. நாம் முசுட்டையும் முல்லையும் பறித்து வறை வறுப்பது போல, கிரேக்கக் கிழவிகள் கத்தியும் பையுமாகப் போய்ப் பிடுங்கிவருவார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனியும் இத்தாலியும் பல்கேரியாவும் அந்த நாட்டைப் பிடித்து வைத்திருந்தன. கடல் முற்றுகையும் சேர்ந்தது. 1941–42 குளிர்காலத்தில் ஏதென்ஸ் தெருக்களில் மக்கள் பசியால் விழுந்து இறந்தார்கள். தப்பியவர்களில் பலர் இந்தக் கீரையைத்தான் அவித்துக் குடித்தார்கள். போர் முடிந்தும் 1949 வரை உள்நாட்டுச் சண்டை. பிறகுதான் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறினார்கள். ரொறன்ரோவின் டான்போர்த் வீதியில் குடியேறியவர்களில் எத்தனையோ பேர் உணவகங்களில்தான் வேலையைத் தொடங்கினார்கள்.

சகோதரி, மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் நாம் குடித்த உப்புக் கஞ்சியை ஒவ்வொரு மே மாதமும் சிரட்டையில் வாங்கிக் குடிக்கிறோம். நம் பிள்ளைகளுக்கு அதைக் கையில் கொடுக்கும்போது நாம் என்ன சொல்லிக் கொடுக்கிறோமோ, அதைத்தான் அந்தக் கீரைத் தட்டைச் சொல்லும் கிரேக்கக் குடும்பமும் தன் பிள்ளைகளுக்குச் சொல்லும் என்று நினைக்கிறேன். அந்தத் தட்டுக்குக் காசு கொடுங்கள். மகனுக்கு அதன் கதையைச் சொல்லுங்கள். கோப்பை கழுவும்போது யாரும் அவனுக்கு இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மற்றவற்றைக் குறைத்துக்கொள்ளலாம். கத்தரிக்காயும் அரைத்த இறைச்சியும் அடுக்கிச் செய்யும் 'மூசாக்கா'வைச் சின்னக் கடையில் இன்னும் நன்றாகச் செய்வார்கள். தக்காளி, வெள்ளரி, வெங்காயத்தோடு ஃபெட்டா சீஸ் வைத்த சாலட் ஒன்று நான்கு பேருக்குப் போதும். தயிரில் தேன் ஊற்றி வாதுமை தூவித் தருவதற்கும் விலை போட்டிருப்பார்கள். முல்லைத்தீவு எருமைத் தயிரையும் காட்டுத் தேனையும் சாப்பிட்டு வளர்ந்த உங்களுக்கு அது வேண்டாம், காசு வீண்.

நீங்கள் வெள்ளிக்கிழமை மச்சம் சாப்பிடாதவர் என்றால் வேறு நாள் பதிவு செய்யச் சொல்லுங்கள். அந்த நாள்தான் கிடைத்தது என்றாலும் பட்டினி இருக்க நேராது. கிரேக்கத் திருச்சபையினருக்கும் புதனும் வெள்ளியும் விரதம். அதனால் பெரிய வெள்ளை அவரை விதையைத் தக்காளியில் வேகவைத்தது, திராட்சை இலையில் சோறு பொதிந்தது என்று அவர்களிடம் மரக்கறித் தட்டுகள் நிறைய உண்டு. இலைப் பொதிக்குள் இறைச்சி இல்லையா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். இயலுமானால் மதியம் போங்கள். சில இடங்களில் மதியத்துக்கு விலை குறைந்த தனிப் பட்டியல் இருக்கும். இரவில் நேரம் சென்று திரும்பும் கஷ்டமும் இல்லை.

உடுப்பு என்ன என்று யோசிக்காதீர்கள். உங்கள் நல்ல சேலையும் அவரின் வேட்டியும் எந்த மேசைக்கும் பொருந்தும்.

கடைசியாக, மீனை மேசைக்குக் கொண்டுவந்து கண்முன்னே முள் நீக்கும்போது பரிமாறுகிறவர் தலையை ஒரு பக்கமாக ஒதுக்கிக் குசினிக்குத் திருப்பி அனுப்பப் பார்ப்பார். அங்கே பலர் அதைச் சாப்பிடுவதில்லை. விட்டுவிடாதீர்கள். நீங்கள் நிறுத்துக் காசு கொடுத்த தலை அது. மகனிடம் சொல்லிக் கேட்டு வாங்கி, உங்கள் கணவரின் தட்டில் வையுங்கள்.