மூன்றாவது தடவை வேண்டாம்மா

"ரெண்டு தடவை எழுதிட்டா, மெடிக்கல் கிடைக்கல. இன்னும் ஒரு வருஷம் உட்கார வைக்கலாமா? அவ பெரியப்பா விட மாட்டேங்கிறார்." மேற்படிப்பு ஆலோசனைக்காக என்னிடம் வந்த அந்த அம்மா உட்காருவதற்குள் கேட்டுவிட்டார். மகள் மேசை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்சம் ஆறுதல் சொன்னேன். பிறகு மகளிடம் பேசினேன். பையிலிருந்து ஆய்வக நோட்டை எடுத்தாள். வெங்காய வேர் நுனியில் செல் பிரியும் நிலைகளை எண்ணும் சோதனை. எல்லோரும் தங்கள் ஸ்லைடோடு முடித்துக்கொள்வார்கள். இவள் வகுப்பு முழுக்க எண்ணிக்கை வாங்கி அட்டவணை போட்டிருக்கிறாள். ஓரத்தில் பென்சிலில் ஒரு குறிப்பு: "இந்த 6 ஸ்லைடு மட்டும் தனியா நிக்குது. சாயம் வேற நாள் போட்டதா?"

அம்மா, இந்த மாதிரிக் கேள்வி கேட்கும் ஒரு துறை இருக்கிறது: உயிர்தகவலியல், பயோஇன்ஃபர்மேடிக்ஸ். உயிரியல் தரவைக் கணினியையும் புள்ளியியலையும் வைத்து அலசுவது. இவளுக்குத் தட்டுப்பட்டதை அங்கே பேட்ச் எஃபெக்ட் என்பார்கள். மாதிரிகளை வெவ்வேறு நாளில் கையாண்டதால் வந்த வித்தியாசத்தை நோயின் வித்தியாசமாக நினைத்து ஏமாந்த ஆய்வுகள் உண்டு.

மருத்துவத்தை நான் குறை சொல்லவில்லை. உயிரியல் பிடிக்கும் என்றால் நோயாளி பார்க்கப் பிடிக்கும் என்று பெரியப்பா தானாகவே முடிவு செய்துவிட்டார், அதைத்தான் சொல்கிறேன். இவளிடம் யாரும் கேட்கவில்லை.

வேலை எப்படி இருக்கும்? மனித மரபணுத் தொகுதி ஏ, சி, ஜி, டி என்ற நான்கு டிஎன்ஏ எழுத்துகளால் ஆனது, மொத்தம் சுமார் 300 கோடி எழுத்து. இயந்திரம் அதை முழுசாகப் படித்துத் தராது. பரவலாக உள்ள முறையில் 150 எழுத்து அளவுக்குத் துண்டு துண்டாகக் கோடிக்கணக்கில் கொட்டும். ஒவ்வொரு துண்டும் எந்த இடத்தைச் சேர்ந்தது என்று, ஒப்பிடுவதற்காக ஏற்கெனவே தயாரித்து வைத்திருக்கும் தொகுதியோடு பொருத்த வேண்டும். பொருத்தினால் ஒரு மனிதருக்கு 40, 50 லட்சம் இடங்களில் வித்தியாசம் தெரியும். பெரும்பாலும் ஒன்றும் செய்யாதவை. ஆனால் சிவப்பணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்துபோகும் அரிவாள் செல் நோய்க்குக் காரணம் ஒரே ஒரு எழுத்து, ஏ இருக்க வேண்டிய இடத்தில் டி. அந்த மாதிரி ஒன்றைக் குவியலிலிருந்து பிரித்தெடுப்பதுதான் வேலை.

பளபளப்பான வேலை என்று நினைத்துவிட வேண்டாம். பாதி நேரம் தரவைச் சுத்தம் செய்வதிலேயே போகும். மார்ச்1 என்று ஒரு மரபணு இருந்தது. எக்செல் அதைத் தேதி என்று எடுத்துக்கொண்டு மாற்றி வைக்கும். தொல்லை தாங்காமல் 2020-ல் மரபணுவின் பெயரையே மார்ச்எஃப்1 என்று மாற்றினார்கள்! இதைச் சொன்னபோதுதான் அந்தப் பெண் முதல் தடவையாகச் சிரித்தாள்.

இனி பணம். இதில் நான் கறார். பட்டத்தின் பெயரில் பயோஇன்ஃபர்மேடிக்ஸ் இருக்கிறது என்பதற்காகக் கடன் வாங்காதீர்கள். பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள், புள்ளியியல் எத்தனை தாள், புரோகிராமிங் எத்தனை தாள். பேருக்கு ஒவ்வொன்று இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். புள்ளியியலோ கணினி அறிவியலோ உருப்படியாகப் படித்து, உயிரியலைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, முதுகலையில் இந்தப் பக்கம் வருவது பல நேரம் நல்லது. நல்ல வேலைகள் பலவற்றுக்கு முதுகலை கேட்பார்கள், அதனால் சேமிப்பை முதல் பட்டத்திலேயே கரைத்துவிடக் கூடாது. மூன்று மாதச் சான்றிதழ் வகுப்புக்குப் பணமே கட்டாதீர்கள். பைத்தான், ஆர் என்ற புரோகிராமிங் மொழிகள், ஆர் மொழியில் உயிரியல் தரவுக்கான பயோகண்டக்டர் கருவிகள் எல்லாம் இலவசம். டிஎன்ஏ வரிசைகளைச் சேமிக்கும் பொதுக் கிடங்கான ஜென்பேங்கில் 1982-லிருந்து சேரும் தரவையும் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்.

இது அவளுக்கு ஒத்துவருமா என்று பார்க்கவும் செலவில்லை. ரோசலிண்ட் என்ற இணையதளத்தில் பயிற்சிக் கணக்குகள் இருக்கின்றன. தொடக்கக் கணக்கு ஒரு டிஎன்ஏ வரிசையில் நான்கு எழுத்தும் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணுவது. ஒரு மாதம் போட்டுப் பார்க்கட்டும். அலுத்துப்போனால் வந்து சொல்லட்டும், வேறு யோசிப்போம்.

அதுவரை பயிற்சி மையத்துக்கு முன்பணம் கட்டிவிடாதீர்கள். பெரியப்பாவின் எண்ணைக் கொடுங்கள், நானே பேசுகிறேன்.